மார்பகப் புற்றுநோய்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் குறிவைக்கும் மருந்துகள்

ஹார்மோன் போன்ற சிறு மூலக்கூறுகள் தம்முடன் இணையும்போது, செல்லின் உட்கருவில் மரபணுக்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் புரதங்களே உட்கரு ஏற்பிகள். மனித உடலில் இவை 48 உள்ளன.

அவற்றுள் ஒன்றான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, உலக அளவில் சுமார் 70 சதவீத மார்பகப் புற்றுநோய்களில் காணப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் இணைந்ததும் அது புற்றுசெல்களைப் பெருகத் தூண்டுகிறது.

அமெரிக்காவில் 1977-இல் ஒப்புதல் பெற்ற டாமோக்சிஃபென், மார்பகத் திசுவில் ஈஸ்ட்ரோஜனின் இடத்தைப் பிடித்து அதன் செயலைத் தடுக்கிறது. ஆனால் கருப்பையில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயல்படுவதால், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கான அபாயம் சற்று அதிகரிக்கிறது. அங்கு 2002-இல் ஒப்புதல் பெற்ற ஃபல்வெஸ்ட்ரன்ட், ஏற்பியையே சிதைக்கிறது. எனினும் அதைத் தசையில் ஊசி மூலமே செலுத்த முடியும்.

சிகிச்சைக் காலத்தில் சிலருக்கு இஎஸ்ஆர்1 மரபணுவில் திடீர்மாற்றம் ஏற்படுகிறது. அதன்பின் ஹார்மோன் இல்லாமலேயே ஏற்பி இயங்குவதால் மருந்தின் பலன் குறைகிறது. இத்தகைய மாற்றமுள்ள, முற்றிய நோய்க்காக எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரைக்கு 2023 ஜனவரியில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

கட்டியில் இந்த ஏற்பி இல்லாத நோயாளிகளுக்கு இம்மருந்துகள் பலனளிப்பதில்லை. எனவே, திசுப் பரிசோதனையில் ஏற்பியின் நிலையை உறுதிசெய்த பிறகே இச்சிகிச்சை தொடங்கப்படுகிறது.