அடுக்கும் காலமும்: ஓடும் நீர் எழுதும் வரிகளை வாசிப்பது பற்றி

படிவுப் பாறையின் வெட்டுமுகத்தில் தெரியும் ஒவ்வொரு வரியையும் ஒரு கால அலகாகக் கொள்ளும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. வண்டல் மேலிருந்து இறங்கிப் படிகிறது. கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது. ஆகவே வரிகளை எண்ணினால் காலத்தை எண்ணியதாகும் என்பது இதன் தருக்கம். முதல் இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவது பிறக்காது. ஓடும் நீர் இட்ட அடுக்கு அந்த நீரோட்டத்தின் வேகம், ஆழம், அது சுமந்த வண்டலின் அளவு ஆகியவற்றுக்குச் சான்றாகும். கழிந்த காலத்துக்கு அது தன்னளவில் சான்றாகாது என்பதே என் வாதம்.

மணற்படுகைமேல் நீர் ஓடும்போது படுகை சமதளமாக நிற்பதில்லை, சிற்றலைகளாக எழுகிறது. மணிகள் அலையின் சாய்வான முதுகில் ஏறி, முகட்டில் குவிந்து, தாங்காத நிலையில் மறுபக்கச் சரிவில் உருண்டு விழுகின்றன. அச்சரிவின் கோணம் ஏறத்தாழ 30 பாகை. ஒவ்வொரு சரிவும் ஒரு மெல்லிய சாய்ந்த வரியை விட்டுச் செல்ல, அலை முழுவதும் நீரோட்டத் திசையில் நகர்கிறது. பாறையில் நாம் காணும் குறுக்கு அடுக்குகள் இவ்வாறு பிறந்தவை. இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1850களிலேயே இவற்றைக் கொண்டு பண்டைய நீரோட்டத்தின் திசையைக் கணிக்க முயன்றார்.

இந்தச் சாய்ந்த வரிகளுக்குள் காலம் பக்கவாட்டில் ஓடுகிறது. நிக்கோலாஸ் ஸ்டெனோ 1669இல் வகுத்த மேலடுக்கு விதி இதனால் பொய்த்துவிடவில்லை. ஒரே செங்குத்துக் கோட்டில் பார்த்தால் கீழுள்ளது எப்போதும் முந்தியதே. ஆனால் அதே தொகுதியில், ஓட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் அடியில் கிடக்கும் ஒரு மணி, மேல்பக்கத்தில் உயரத்தில் இருக்கும் மணியைவிடப் பிந்தியதாக இருக்கலாம். ஒரே கிடைத்தளத்தில் இருப்பவை ஒரே கணத்தில் படிந்தவை என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

எஞ்சுவதும் முழு அலை அன்று. பின்னால் வரும் அலையின் பள்ளம் முன்னதன் தலையைச் சீவிவிட, அடிப்பகுதி மட்டும் தங்குகிறது. லெக்லேர், பிரிட்ஜ் ஆகியோர் 2001இல் காட்டியபடி, பெரிய மணல் அலைகளின் சராசரி உயரம், எஞ்சிய தொகுதிகளின் சராசரித் தடிமனைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு. நீரின் ஆழமோ பொதுவாக அலை உயரத்தின் 6 முதல் 10 மடங்கு. எனவே சராசரியாக 30 செ.மீ. தடிமனுள்ள குறுக்கு அடுக்குத் தொகுதிகள், சுமார் 5 முதல் 9 மீட்டர் ஆழமுள்ள ஓர் ஆற்றைச் சுட்டுகின்றன. என்றோ மறைந்துபோன ஓர் ஆற்றின் ஆழத்தைக் கையளவு பாறையிலிருந்து பெறுவது எளிய பேறு அன்று. அதைச் சொல்லக்கூடிய கல்லிடம் ஆண்டுக்கணக்கை மட்டும் கேட்பது அதன் சாட்சியத்தை வீணாக்குவதாகும்.

வேகம் மேலும் கூடினால் அலைகள் அழிந்து படுகை மீண்டும் சமதளமாகிறது. இம்முறை மணல் விரிப்பாகப் பாய்ந்து, மில்லிமீட்டர் அளவிலான கிடை வரிகளை இடுகிறது. குரோவ் கார்ல் கில்பர்ட் 1914இல் வெளியிட்ட தொட்டிச் சோதனைகளும், 1960களில் கொலராடோவில் சைமன்ஸ், ரிச்சர்ட்சன் ஆகியோர் செய்தவையும் இந்த வரிசையை நிலைநாட்டின. 1965 ஜூனில் கொலராடோவின் பிஜோ ஓடையில் பெருவெள்ளம் வந்தது. எட்வின் மெக்கீயும் உடன் ஆய்ந்தோரும் அங்கே பள்ளம் தோண்டிப் பார்த்தபோது, புதிய மணலின் பெரும்பகுதி கிடை வரிகளாகவே இருந்தது. அத்தனையும் ஒரே வெள்ளத்தின் வேலை.

மணலில் இதை ஒப்புவோரும் சேற்றுப்பாறைக்கு வரும்போது தயங்குவர். நுண்களி அசையாத நீரில்தான் படியும். மெல்லிய இணைவரிகள் கொண்ட கரும்பாறை அமைதியான ஆழ்நீரின் அடையாளம் என்பது நெடுங்காலக் கருத்து. யுர்கன் ஷீபர், ஜான் சதர்ட், கெவின் தைசன் ஆகியோர் 2007இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட சோதனை அதன் அடித்தளத்தையே அசைத்தது. களித்துகள்கள் நீரில் தனித்தனியாக மிதப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாகின்றன. இத்திரள்கள், மணலை நகர்த்த வல்ல ஓட்டத்திலேயே படுகையில் உருண்டு, சிற்றலைகளாகி, நகர்ந்து படிந்தன. சேற்று அலைகளில் பெரும்பகுதி நீரே என்பதால், புதைந்து அழுந்தும்போது அவற்றின் சாய்ந்த வரிகள் தட்டையாகிவிடும். பின்னர் பார்ப்பவருக்கு அவை கிடைத்தள இணைவரிகளாகவே தெரியும். படிவுப் பாறைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சேற்றுப்பாறையே என்பதை எண்ணினால், மறுவாசிப்புக்கு உரியது எவ்வளவு என்பது விளங்கும். எல்லாச் சேற்றுப்பாறையும் ஓடும் நீரில் பிறந்தது என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. அமைதி நீர் என்பது இனி நிறுவப்பட வேண்டிய ஒன்று. அதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள முடியாது.

அடுக்குகள் விரைவில் உருவாகும் என்றால் புவியின் வயதே குறைவுதானே என்று வாதிடுவோர் உண்டு. அதே பிழையைத் தலைகீழாகச் செய்கிறார்கள் அவர்கள்: அடுக்கையே காலத்தின் அளவாகக் கொள்கிறார்கள். காலத்தின் பெரும்பகுதி அடுக்குகளுக்கு உள்ளே இல்லை. அவற்றுக்கு இடைப்பட்ட பரப்புகளில் இருக்கிறது. ஜோசஃப் பாரெல் 1917இலேயே இந்த இடைவெளிகளை வலியுறுத்தினார். பீட்டர் சாட்லர் 1981இல் ஏறத்தாழ 25,000 படிவு வேக அளவீடுகளை ஒப்பிட்டு, அளக்கும் கால நீட்சி கூடக்கூடப் படிவு வேகம் குறைவதைக் காட்டினார். நீண்ட காலத்தை அளக்கும்போது படிவே நிகழாத இடைவெளிகளும் கணக்கில் சேர்வதே இதற்கு முதன்மைக் காரணம். வெயிலில் வெடித்த சேற்றுப் பிளவுகள், வேர்த்தடங்கள், புழுத் துளைகள், பண்டைய மண் ஆகியன அந்தப் பரப்புகளில் நின்று சாட்சி சொல்கின்றன. இடையில் எரிமலைச் சாம்பல் படிந்திருந்தால், அதன் சிர்க்கான் படிகங்கள் ஆண்டுக்கணக்கையே தருகின்றன.

வரிகளை எண்ணிக் காலம் காண்பது முறையாகும் இடங்களும் உண்டு. ஜப்பானின் சுய்கெட்சு ஏரியில் ஆண்டுக்கொரு வரி படிந்திருக்கிறது. அங்கு ஆற்று நீர் அண்டை ஏரியில் பருமணலை விட்ட பின்னரே வந்து சேர்கிறது. அப்போதும் ஆய்வாளர்கள் எண்ணியதோடு நிற்கவில்லை. வரிகளுக்குள் பருவ மாற்றத்தின் தடயங்களைத் தேடினர். இலைத் துணுக்குகளைக் கதிரியக்கக் கரிம முறையில் அளந்து மற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டனர். ஆறு இட்ட பாறையில் வரிகளை எண்ணிக் காலம் சொல்ல முனைவோரிடம் இதே அளவு சான்றைக் கேட்பது நியாயமே.