வளைவில் சாயக் கற்ற வரலாறு

மலைப்பாதை வளைவில் பைக்கைச் சாய்த்து லாவகமாகப் போகிறவரைத் துணிச்சல்காரர் என்கிறோம். அதே வளைவில் பிரேக்கை மிதித்துத் தடுமாறுகிறவரைப் பயந்தவர் என்கிறோம். இந்தத் திறமை வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால் இரண்டு சொல்லுமே பொருந்தவில்லை. வண்டி எப்படித் திரும்புகிறது என்பது ஓட்டுகிறவரின் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்லத் தொடங்கிய பிறகே அதைக் கற்பிக்க முடிந்தது. கற்பிக்கத் தொடங்கிய பிறகே சாமானிய ஓட்டுநருக்கும் வளைவில் நம்பிக்கை வர வழி பிறந்தது.

இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஹேண்டில்பாரை முதலில் கொஞ்சம் வலப்பக்கம் திருப்ப வேண்டும். சக்கரம் வலப்பக்கம் நகர்ந்ததும் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்ததும் அந்தப் பக்கமே வளைகிறது. ஆங்கிலத்தில் இதற்குக் கவுன்டர் ஸ்டீரிங் என்று பெயர். மோட்டார் சைக்கிள் பிறக்கும் முன்பே, 1869-ல், கிளாஸ்கோ பேராசிரியர் ராங்கின் அந்தக் கால மிதிவண்டியை வைத்து இதை விளக்கி எழுதினார். பின்னாளில் விமானம் கண்ட வில்பர் ரைட், ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் தம்பியோடு சைக்கிள் கடை வைத்திருந்தவர். இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று அவர் பலரைக் கேட்டார். ஒருவர்கூட முதல் முறையிலேயே சரியாகச் சொல்லவில்லை. நாள்தோறும் தாங்கள் செய்வதையே அவர்களால் சொல்ல முடியவில்லை என்பது எனக்கு மிக முக்கியமான சான்றாகப் படுகிறது.

சொல்லத் தெரியாவிட்டால் என்ன, ஓட்டத் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1911 முதல் ஐல் ஆஃப் மேன் தீவின் மலைச்சுற்றில் பந்தயம் நடக்கிறது. ஒரு சுற்று சுமார் 60 கிலோமீட்டர். இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள். அந்த முதல் தலைமுறை வீரர்கள் எந்தப் பள்ளியிலும் வளைவுப் பாடம் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் கை தானாகக் கற்றுக்கொண்டவர்கள். சாலையில் போகிற சாமானியருக்கு அந்த அவகாசம் இல்லை. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவை 40 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்க வண்டி ஏறக்குறைய 23 டிகிரி சாய வேண்டும். 50-ல் அது 33 ஆகிறது, 60-ல் 43. முள் இருபது கிலோமீட்டர் ஏறுவதற்குள் சாய்வு இரு மடங்கை நெருங்கிவிடுகிறது. எதிர்பார்த்ததைவிட வளைவு இறுக்கமாக இருக்கும் அந்த ஒரு நொடியில், வண்டியை இன்னும் சாய்க்க எந்தக் கையைத் தள்ளுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாதபோது என்ன ஆகிறது என்பதை 1981-ல் வெளியான ஹர்ட் அறிக்கை காட்டியது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாத விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுநரின் பிழையால் நேர்ந்தவை: பிரேக்கை அளவுக்கு மீறிப் பிடித்துச் சறுக்கியது, அல்லது வளைவில் போதுமான அளவு திரும்பாமல் வெளியே ஓடியது. ஆபத்து வந்த நேரத்தில் கவுன்டர் ஸ்டீரிங் செய்து விலகும் திறமை அநேகமாக யாரிடமும் காணப்படவில்லை. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ உறவினர், நண்பர் மூலமாகவோ ஓட்டக் கற்றவர்கள். சாலையைக் குறை சொல்லவும் அங்கே பெரிதாக இடமில்லை. சாலைப் பழுது காரணமான விபத்துகள் நூற்றுக்கு இரண்டுதான்.

அறிக்கைக்கு முந்தைய ஆண்டுதான் கீத் கோட் கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலைத் தொடங்கியிருந்தார். வளைவில் பயம் வந்ததும் உடம்பு செய்வதையெல்லாம் அவர் தனித்தனியாகப் பிரித்துப் பெயரிட்டார்: ஆக்ஸிலேட்டரைச் சட்டென விடுவது, பிடி இறுகுவது, பார்வை குறுகுவது, பயந்த இடத்தையே பார்த்து அங்கேயே போய் மோதுவது. பயப்படாதே என்று சொன்னால் இவை நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் மாற்றாக ஒரு செயலைப் பழக்கினால் நிற்கின்றன. உடம்பைச் சாய்த்தாலே வண்டி திரும்பும் என்று வாதிட்டவர்களுக்காக, திரும்பாத இன்னொரு ஹேண்டில்பாரைச் சட்டத்தோடு பொருத்திய பைக் ஒன்றை உருவாக்கினார். அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு சாய்ந்தும் வண்டியைச் சரியாக வளைக்க முடியவில்லை. வாதம் அங்கேயே முடிந்தது.

நம்பிக்கை கூடினால் வேகமும் கூடும், பந்தயத் தளப் பாடம் ஊர்ச் சாலையில் ஆளைக் கொல்லும் என்பது வலுவான மறுப்பு. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சாலைக்கென்றே வளர்ந்த வேறொரு மரபும் உண்டு. லண்டன் காவல்துறையின் ஹெண்டன் ஓட்டுநர் பள்ளியில் 1930-களில் காட்டன்ஹாம் பிரபு வகுத்த முறை, 1955-ல் ரோட்கிராஃப்ட் என்ற நூலாகப் பொதுமக்களுக்கும் வந்தது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே வளைவுக்கு உரிய வேகம் என்பது அம்மரபின் அடிப்படை. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். முறையாகக் கற்றவருக்கு வரும் நம்பிக்கையில் தன் எல்லை எது என்ற அறிவும் சேர்ந்தே இருக்கிறது.

நம் ஊரில் இரு சக்கர வண்டி உரிமத்துக்கு எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். நடக்கிற வேகத்தில் போடும் அந்த எட்டில், திரும்புகிற பக்கமே ஹேண்டில்பாரையும் திருப்ப வேண்டும். வேகத்தில் வரும் வளைவு அதற்கு நேர்மாறான செயலைக் கேட்கிறது. எட்டில் தேறிய கையோடு ஒருவர் எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைச் சாலையில் ஏறலாம். இறங்கியதும் நெடுஞ்சாலையில் 60-லும் 80-லும் போகலாம். உரிமத் தேர்வோடு அரை நாள் வளைவுப் பயிற்சியையும் சேர்க்க வேண்டும். இடப்பக்கம் திரும்ப இடக்கையை முன்னால் தள்ளு என்ற ஒரு வரியையாவது அங்கே சொல்லிக் கொடுத்து அனுப்ப வேண்டும்.