நிரல் உறைவு அறிவிப்பு: கட்டற்ற மென்பொருள் வெளியீடுகளின் வரலாறு

நிரல் உறைவு என்பது, ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாவதற்கு முன், அதன் நிரலில் மாற்றம் செய்வதை நிறுத்திவைக்கும் காலம் ஆகும். உருவாக்குநர்களின் பேச்சில் இது 'கோட் ஃப்ரீஸ்'. ஒரே நிறுவனத்துக்குள் உருவாகும் மென்பொருளில் இந்த நாளை மேலாளர் சொன்னால் போதும். கட்டற்ற மென்பொருளின் பங்களிப்பாளர்களோ பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் வேலை செய்பவர்கள். உறைவு நாளை அவர்களுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதைத் திட்டங்கள் பல தவறுகளுக்குப் பிறகே கற்றுக்கொண்டன. அந்த அறிவிப்பின் விளைவு அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பள்ளி மாணவரின் கணினித் திரை வரை வந்து சேர்கிறது.

உறைவின் வகைகள்

உறைவு ஒரே நாளில் முழுமையாக வருவதில்லை; படிப்படியாக இறுகுகிறது. முதலில் வசதி உறைவு: அதன் பின் புதிய வசதிகளைச் சேர்க்கக் கூடாது. அடுத்தது இடைமுக உறைவு: பொத்தான், பட்டியல் ஆகியவற்றின் அமைப்பை மாற்றக் கூடாது. பிறகு சர உறைவு: திரையில் தோன்றும் சொற்றொடர்களை மாற்றக் கூடாது. கடைசியாக நிரல் உறைவு: கடுமையான பிழைகளை மட்டுமே, அதுவும் வெளியீட்டுக் குழுவின் ஒப்புதலோடு, திருத்தலாம்.

ஒவ்வொரு படியும் ஒரு சாராருக்குத் தரப்படும் வாக்குறுதி. இடைமுக உறைவை நம்பித்தான் பயனர் கையேடு எழுதுபவர் திரைப்படங்களைப் பிடிக்கிறார். சர உறைவை நம்பித்தான் மொழிபெயர்ப்பாளர் வேலையைத் தொடங்குகிறார்.

நாள் குறிக்காத காலம்

தொடக்கத்தில் பல திட்டங்கள் 'தயாரானதும் வெளியிடுவோம்' என்ற கொள்கையில் நடந்தன. டெபியன் 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது, அடுத்த 3.1 பதிப்பு 2005 ஜூனில்தான் வந்தது. லினக்ஸ் கருநிரலுக்கு 2002 அக்டோபர் 31 அன்று வசதி உறைவு அறிவிக்கப்பட்டும், 2.6 பதிப்பு வெளியாக 2003 டிசம்பர் ஆகிவிட்டது.

இதில் ஒரு சுழல் இருந்தது. அடுத்த வெளியீடு எப்போது என்று தெரியாததால், எல்லோரும் தங்கள் வேலையை இந்த வெளியீட்டிலேயே நுழைத்துவிட முயன்றார்கள். அதனால் வெளியீடு மேலும் தள்ளிப்போனது.

நாள் குறித்த வெளியீடு

க்னோம் மேசைச்சூழல் திட்டம் 2002 ஜூனில் 2.0 பதிப்பை வெளியிட்ட பிறகு, ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்ற முறைக்கு மாறியது. மார்ச், செப்டம்பர் என்ற வரிசை நிலைபெற்றது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எல்லா உறைவு நாட்களும் அடங்கிய அட்டவணை வெளியிடப்படுகிறது. முடியாத வசதி அடுத்த வெளியீட்டுக்குப் போகும். அதற்காக வெளியீடு நிற்காது.

இந்த முறை கரிசல் நிலத்து மானாவாரி விவசாயிக்குப் புதிதன்று. பட்டம் தவறிய விதை அடுத்த பட்டத்துக்குத்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அருப்புக்கோட்டைப் பக்கம் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. உறைவு நாளை முன்கூட்டியே சொல்ல முடியும்.

2004 அக்டோபரில் முதலில் வந்த உபுண்டு, பதிப்பு எண்ணிலேயே காலத்தைச் சொன்னது: 4.10 என்றால் 2004ஆம் ஆண்டின் பத்தாம் மாதம். 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பை ஆறு வாரம் தள்ளிவைக்க விரும்பியபோது, அதன் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் மார்ச் மாதத்திலேயே அதைப் பொதுவில் முன்மொழிந்து கருத்துக் கேட்டார். காரணங்களில் மொழியாக்கத்தை மேம்படுத்துவதும் ஒன்று. 6.04 ஆகியிருக்க வேண்டிய பதிப்பு 6.06 என்ற எண்ணுடன் ஜூன் 1 அன்று வெளியானது.

டெபியன் 2009: அறிவிப்பு தந்த பாடம்

2009 ஜூலை இறுதியில் டெபியன் ஒரு புதிய முறையை அறிவித்தது: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பரில் உறைவு. முதல் உறைவு அதே ஆண்டு டிசம்பரில் என்றும் சொல்லப்பட்டது. பங்களிப்பாளர்களுக்குக் கிடைத்தது ஐந்து மாதம்கூட இல்லை; முன்கூட்டிய கலந்துரையாடலும் போதவில்லை. எதிர்ப்பு உடனே எழுந்தது. நாள் குறித்த உறைவு என்ற கருத்தைவிட, அது சொல்லப்பட்ட விதமே பலரைக் கோபப்படுத்தியது. வெளியீட்டுக் குழு டிசம்பர் நாளை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. உண்மையான உறைவு 2010 ஆகஸ்டில் நிகழ்ந்தது; 6.0 பதிப்பு 2011 பிப்ரவரியில் வந்தது.

அதன் பின் அணுகுமுறை மாறியது. 8ஆம் பதிப்புக்கான உறைவு நாளான 2014 நவம்பர் 5, ஓராண்டுக்கும் முன்னதாகவே அறிவிக்கப்பட்டது. பிந்தைய பதிப்புகளில் உறைவே மென் உறைவு, முழு உறைவு எனக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி நாள் சொல்லப்படுகிறது.

தமிழ்த் திரையில் ஆங்கிலம் ஏன்?

தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த அட்டவணைகளில் மிக முக்கியமானது சர உறைவு. க்னோம் போன்ற திட்டங்கள் பயன்படுத்தும் கெட்டெக்ஸ்ட் என்ற கருவி, ஒவ்வோர் ஆங்கிலச் சரத்துக்கும் எதிரே அதன் தமிழை வைத்திருக்கிறது. 'சேவ் ஃபைல்' என்ற சரத்துக்குத் தமிழ் எழுதிய பிறகு, உருவாக்குநர் அதை 'சேவ் டாக்குமெண்ட்' என மாற்றினால், பழைய தமிழ் ஐயத்துக்குரியது எனக் குறிக்கப்படும். மொழிபெயர்ப்பாளர் சரிபார்க்கும் வரை திரையில் ஆங்கிலமே தோன்றும். ஒரு சொல்லை மாற்றியவருக்கு அது ஒரு நிமிட வேலை. உலகின் ஒவ்வொரு மொழிக் குழுவும் அந்த வரிக்குத் திரும்ப வர வேண்டும். பெரிய மொழிக் குழுக்கள் சமாளித்துவிடும். சிலரே உழைக்கும் தமிழ்க் குழுவுக்கு அந்த நேரம் கிடைப்பது அரிது. எனவேதான் க்னோமில் சர உறைவுக்குப் பின் ஒரு சொல்லை மாற்றக்கூட மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்களின் ஒப்புதல் வேண்டும்.

தவறவிட்ட சரம் வெகுதூரம் பயணிக்கும். க்னோம் வெளியீட்டை டெபியன் எடுத்துக்கொள்கிறது. டெபியன் உறைந்தபின் அந்தப் பதிப்பே நிலைத்துவிடுகிறது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. திருச்சுழி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் அதைத் திறந்த மாணவர், பட்டியலில் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கண்டிருந்தால், மொழிபெயர்க்க ஆள் இல்லாதது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. சர உறைவுக்குப் பின் மாறிய சொல்லோ, அறிவிப்பு எட்டாமல் போன ஒரு நாளோ காரணமாக இருந்திருக்கலாம்.

இன்றைய நிலை

லினக்ஸ் கருநிரல் 2005 முதல், புதியவற்றைச் சேர்க்க இரண்டு வாரம், பிறகு பிழை திருத்த மட்டும் சில வாரம் என்ற சுற்றில் இயங்குகிறது. பயர்பாக்ஸ் 2011இல் ஆறு வாரச் சுற்றுக்கும், 2020இல் நான்கு வாரச் சுற்றுக்கும் மாறியது. தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளுக்கு டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் மொழிபெயர்ப்பு ஆண்டு முழுவதும் நடக்கிறது. முடிந்த சரம் அடுத்தடுத்த புதுப்பிப்பில் சேர்ந்துவிடும். இத்தகைய முறைகளில் ஒரு நாளைத் தவறவிட்டாலும் இழப்பு சிறிது.

எனினும் டெபியன், க்னோம் போன்றவற்றில் உறைவு அட்டவணை இன்றும் தொடர்கிறது. தமிழாக்கத்தில் பங்களிக்க விரும்பும் மாணவர், மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறக்கும் முன் திட்டத்தின் வெளியீட்டு அட்டவணையில் சர உறைவு நாளைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கும் வெளியீட்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் செய்யும் வேலைதான் வீணாகாமல் பயனரைச் சென்றடையும்.