மூளையில்லாப் பெட்டிக்குப் பாடக் கற்றுக்கொடுத்தவர்கள்

2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க வீடுகளில் ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. பாட்டு ஓர் அறையில் இருந்தது, ஸ்பீக்கர் இன்னோர் அறையில் இருந்தது. சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் இடம் கேட்ட இசையை எம்பி3 வெறும் 128 கிலோபிட்டுக்குள் அடக்கிவிட்டதால், அலமாரி நிறைய இருந்த ஆல்பங்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் குடியேறின. ஆனால் அந்தக் கணினி எழுதும் மேஜையடியில் கிடந்தது. ஆசையாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் கூடத்தில் சும்மா நின்றன. நடுவிலிருந்த சுவரைத் தாண்டுவது யார்?

இணையத்தையும் இசையையும் கூடத்துக்குக் கொண்டுவரப் பெரிய கைகள் முதலில் முயன்றன. நெட்வொர்க் கருவிகளில் புகழ்பெற்ற த்ரீகாம் நிறுவனம், கணினியே இல்லாமல் இணைய வானொலி கேட்கும் பெட்டியைச் செய்துகொண்டிருந்த கெர்பாங்கோவை 2000-இல் ஏறத்தாழ 8 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டு டாட்காம் சரிவு முற்றியது. 2001 மார்ச்சில் அந்தத் திட்டத்தையே த்ரீகாம் இழுத்து மூடியது. வானொலி கடைக்கு வரவே இல்லை. அந்த நேரத்தில், கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் ஒரு சிறு நிறுவனம் நேர் எதிரான வழியில் யோசித்துக்கொண்டிருந்தது.

ஷான் ஆடம்ஸ் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயர் ஸ்லிம் டிவைசஸ். எல்லோரும் பெட்டியை மேலும் மேலும் புத்திசாலியாக்கப் பார்த்தபோது, அவர் அதிலிருந்து மூளையையே எடுத்துவிட்டார். 2001-இல் வந்த ஸ்லிம்பி3 பெட்டியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஓர் ஈதர்நெட் இணைப்பு, எம்பி3-யை ஒலியாக்கும் ஒரு சிப், வரிக்கு 40 எழுத்தாக இரண்டு வரி ஒளிரும் சிறு திரை, அவ்வளவுதான். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது எந்தப் பொத்தான் என்றுகூடப் பெட்டிக்குத் தெரியாது. வந்த அகச்சிவப்புச் சமிக்ஞையை அப்படியே நெட்வொர்க் வழியாக அடுத்த அறைக் கணினிக்குத் தள்ளிவிடும். அங்கே ஓடிக்கொண்டிருந்த, பின்னர் ஸ்லிம்சர்வர் எனப்பட்ட சர்வர் மென்பொருள்தான் அதற்குப் பொருள் கண்டு, பாட்டைத் தேடி எடுத்து அனுப்பியது. பாட்டின் பெயரைத் திரையில் எழுதியதும் அதுவே. முழு அறிவும் சர்வரில் இருந்தது. அந்தச் சர்வரை வைத்து ஆடம்ஸ் எடுத்த அடுத்த முடிவு இன்னும் துணிச்சலானது.

பெர்ல் மொழியில் எழுதிய அந்த நிரலைப் பூட்டி வைக்காமல், ஜிபிஎல் உரிமத்தின்கீழ் எல்லோருக்கும் திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். விற்பனைக்கு இருந்தது பெட்டி மட்டுமே. அதன் உயிரை இப்படி ஊருக்கே எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும்?

பெட்டி வாங்கியவர்களே அதை வளர்க்கத் தொடங்கினார்கள். ஸ்லிம்பி3-க்கு எம்பி3 தவிர வேறெதுவும் தெரியாது என்ற குறை எழுந்தபோது, மற்ற வடிவங்களைச் சர்வரே எம்பி3-யாக மாற்றி அனுப்பியது. பெட்டியில் ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. 2003-இல் நெட்வொர்க் வயர் இல்லாமலே இயங்கும் ஸ்க்வீஸ்பாக்ஸ் வந்தது. பெட்டியே வாங்காமல், பெட்டியைப் போல நடந்துகொள்ளும் சாஃப்ட்ஸ்க்வீஸ் என்ற நிரலையும் ஒரு ரசிகர் ஜாவா மொழியில் எழுதினார். அந்த வேளையில் அது வெறும் விளையாட்டாகத் தெரிந்தது. அதற்குள் எத்தனை பெரிய விதை இருந்தது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

இதற்கிடையே ஒரே பாட்டு எல்லா அறையிலும் ஒன்றாக ஒலிக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. அதில் ஒரு நுட்பமான தொல்லை இருந்தது. ஒவ்வொரு பெட்டியின் கடிகாரமும் மயிரிழை வித்தியாசத்தில் ஓடியதால், நேரம் போகப் போக ஓர் அறைப் பாட்டு அடுத்த அறையின் எதிரொலியாகிவிடும். ஒவ்வொரு பெட்டியும் எதுவரை பாடியிருக்கிறது என்று சர்வர் கேட்டுக்கொண்டே இருந்தது. முந்தியதைச் சில மில்லிநொடி நிறுத்தியது, பிந்தியதைச் சில மில்லிநொடி தாவச் சொன்னது. வீடு முழுவதும் ஒரே தாளத்துக்கு வந்தது. இந்த வித்தை பெரிய முதலாளிகளின் கண்ணில் படாமல் இருக்குமா?

2006 அக்டோபரில் ஸ்விஸ் நிறுவனமான லாஜிடெக் 2 கோடி டாலர் கொடுத்து ஸ்லிம் டிவைசஸை வாங்கியது. பூம், ரேடியோ, டச் என்று புதுப் புதுப் பெட்டிகள் வந்தன. சர்வரின் பெயர் ஸ்க்வீஸ்சென்டர் ஆனது, பிறகு ஸ்க்வீஸ்பாக்ஸ் சர்வர், அதன் பிறகு லாஜிடெக் மீடியா சர்வர். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, 2012-இல் லாஜிடெக் ஸ்க்வீஸ்பாக்ஸ் வரிசைக்கே முற்றுப்புள்ளி வைத்தது. கெர்பாங்கோவின் கதி இதற்கும் நேர்ந்துவிட்டதாகவே தோன்றியது.

அந்த ஆண்டின் பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்திலிருந்து இன்னொரு பொருள் விற்பனைக்கு வந்திருந்தது. உள்ளங்கை அளவுக் கணினி, 35 டாலர் விலை: ராஸ்பெரி பை. ஸ்லிம் டிவைசஸுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் சர்வரோடு பேசும் முறை திறந்தே கிடந்ததால், ஸ்க்வீஸ்லைட் என்ற சிறு நிரலை யாரோ ஒருவரால் எழுத முடிந்தது. அதை ஏற்றியதும் ராஸ்பெரி பை ஸ்க்வீஸ்பாக்ஸாக மாறியது. அன்று ஜாவா விளையாட்டில் இருந்த விதை முளைத்துவிட்டது. கடையில் கிடைக்காமல் போன பெட்டியை இனி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனாலும் ஒரு கயிறு இன்னும் லாஜிடெக்கின் கையில் இருந்தது.

2024-இன் தொடக்கத்தில் அதுவும் அறுந்தது. பெட்டிகளுக்குத் துணையாக இயக்கிவந்த இணையச் சேவையை லாஜிடெக் நிறுத்தியது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். வீட்டில் சொந்த சர்வர் வைத்திருந்தவர்களின் ஹார்ட் டிஸ்க் பாட்டு ஒரு நொடியும் நிற்கவில்லை. நிரலைப் பேணிவந்தவர்கள் விட்டுப்போன வேலைகளைச் சர்வருக்குள்ளேயே சேர்த்தார்கள், நிறுவனத்தின் பெயரை மட்டும் கழற்றினார்கள்.

இன்று மொபைலில் ஒரு பாட்டைத் தொட்டதும் சமையலறையும் கூடமும் சேர்ந்து பாடும் பல வீடுகளில், மூலையில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் லிரியான் மியூசிக் சர்வர் இதுதான். இதன் முதல் நிறுவனம் விலைபோனது, இரண்டாவது நிறுவனம் விலகிக்கொண்டது. மூளையைச் சர்வரில் வைத்ததும் அந்தச் சர்வரை எல்லோருக்கும் உரிமையாக்கியதும்தான் இதைக் காப்பாற்றின. பெட்டியை விற்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க நிறுவனங்களுக்கு அதிகாரம் இருந்தது. சொந்த சர்வரில் ஓடும் பாட்டை நிறுத்தும் அதிகாரம் கடைசிவரை அவர்கள் கைக்குப் போகவே இல்லை.