செஸ் ஒலிம்பியாட் பந்தோபஸ்தும் நம் ஊர்க் கலவரமும்



2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி அகமதாபாத்தில் நடக்க இருக்கிறது. 2036 ஒலிம்பிக்கையும் இங்கே கொண்டுவர நம் அரசு முயல்கிறது. மைதானம், ஹோட்டல், மெட்ரோ ரயில் என்று நிறையப் பேசுகிறார்கள். காவல் ஏற்பாட்டைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன்மலையிலும் என்னிடம் படித்த பலர் இன்று காக்கிச் சட்டையில் இருக்கிறீர்கள். உங்களுக்காகவும், உங்களை வீட்டில் காத்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல். 'பந்தோபஸ்து' பாரசீகத்திலிருந்து வந்தது. கட்டுவது, பிணைப்பது என்று பொருள். வெள்ளைக்காரன் காலத்தில் நிலவரித் திட்டத்துக்கும் இதே சொல்தான். சிதறிக் கிடப்பதை ஓர் ஒழுங்கில் கட்டி வைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதுபவர்கள் 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலிருந்துதான் தொடங்குவார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஹிட்லர் தன் பெருமைக்குப் பயன்படுத்திக்கொண்டார். அந்தக் கறையைத் துடைக்க மேற்கு ஜெர்மனி ஆசைப்பட்டது. காவலர்களுக்கு வெளிர்நீல உடை கொடுத்தார்கள். கையில் துப்பாக்கி கிடையாது. வீரர்கள் தங்கிய கிராமத்தைச் சுற்றி இருந்தது ஏறிக் குதிக்கக்கூடிய வேலிதான். ஜார்ஜ் சீபர் என்ற உளவியலாளர், என்னென்ன விபரீதம் நடக்கலாம் என்று 26 சூழல்களைப் போலீசுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதில் 21-ஆவது, பாலஸ்தீன ஆயுதக் குழு விடிவதற்கு முன் வேலி தாண்டி இஸ்ரேல் வீரர்களின் கட்டடத்துக்குள் புகும் என்பது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. செப்டம்பர் 5 அதிகாலையில் ஏறக்குறைய அப்படியே நடந்தது.

அன்றிரவு விமான தளத்தில் மீட்பு முயற்சி. ஆயுததாரிகள் எட்டுப் பேர்; போலீஸ் நிறுத்திய குறிபார்த்துச் சுடுபவர்கள் ஐந்து பேர். அவர்கள் ஒருவரோடொருவர் பேச ரேடியோகூட இல்லை. இஸ்ரேல் அணியினர் 11 பேரும் ஒரு ஜெர்மன் காவலரும் உயிரிழந்தார்கள். ஆள் இருந்தார்கள், எச்சரிக்கையும் எழுத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டத்தான் ஆள் இல்லை.

அடுத்தது நம் நாட்டுப் பாடம். 1982 நவம்பர் 19-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. உங்களில் மூத்தவர்களுக்கு 'அப்பு' யானை நினைவிருக்கும். போட்டியின்போது டெல்லியில் போராடப்போவதாக அகாலி தளம் அறிவித்திருந்தது. அவர்களைத் தடுப்பதற்காக ஹரியானாவில் பேருந்துகளையும் கார்களையும் நிறுத்தி, தலைப்பாகை கட்டியவர்களை இறக்கிச் சோதனை போட்டார்கள். நாட்டுக்காகப் போரில் நின்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் அந்த அவமானத்துக்குத் தப்பவில்லை. டெல்லியில் போட்டி அமைதியாக முடிந்தது. ஆனால் சாலையோரத்தில் பட்ட அந்த அவமானத்தைச் சீக்கியர்கள் மறக்கவில்லை. பஞ்சாபில் அடுத்த இரண்டு ஆண்டுகளில் வளர்ந்த கசப்பில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இனி நம் ஊருக்கு வருவோம். 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போரால் 2022 மார்ச்சில் அது சென்னைக்கு வந்தது. ஏற்பாடு செய்யக் கிடைத்தது நான்கு மாதம்தான். 180-க்கும் மேற்பட்ட நாடுகள், சுமார் 1,700 ஆட்டக்காரர்கள். தொடக்க விழா பிரதமர் தலைமையில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில், ஆட்டமோ மாமல்லபுரத்தில். தங்கல் பல விடுதிகளில். ஒரு மைதானத்தைச் சுற்றி வளைத்துக் காவல் போடும் வேலை அல்ல இது. தினமும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் பேருந்துகள், விடுதி வாசல்கள், கடல் பக்கம், சிற்பங்களைப் பார்க்க வரும் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஆள் போட வேண்டும். அரங்குக்குள் செல்போன் போகாமலும் பார்க்க வேண்டும். செஸ்ஸில் அதுதான் திருட்டாட்டத்துக்கு வழி. 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தபோது மாமல்லபுரத்தில் காவல் போட்ட அனுபவம் நம் போலீசுக்கு இருந்தது. தொடக்க நாளன்று சென்னையில் மட்டும் 22,000 போலீசார் என்று செய்திகள் வந்தன.

அந்த நாள் ஜூலை 28. அதற்குப் பதினொரு நாள் முன்பு, ஜூலை 17 ஞாயிறு, நம் சின்னசேலம் பக்கம் கனியாமூரில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ மாணவி இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பெற்றோரும் ஊராரும் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் ஆள் திரட்டினார்கள். திரண்ட கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. கல்வீச்சில் டி.ஐ.ஜி. உட்படப் பல காவலர்கள் காயமடைந்தார்கள். பிள்ளைகளின் சான்றிதழ்களும் தீயில் போயின. ஓர் ஆசிரியனாக எனக்கு அதுதான் இன்றும் ஆறவில்லை. பெருமளவில் போலீஸ் வந்து இறங்கியது எல்லாம் முடிந்த பிறகு. 144 போட்டார்கள், கலெக்டரும் எஸ்.பி.யும் மாற்றப்பட்டார்கள்.

ஒரே மாநிலம், ஒரே காவல்துறை, ஒரே மாதம். அங்கே விருந்தாளிகளுக்குக் காவல் கச்சிதமாக அமைந்தது. ஆகஸ்ட் 9-இல் போட்டி நல்லபடியாக நிறைவடைந்து இந்தியாவுக்கு இரண்டு வெண்கலமும் கிடைத்தது. இங்கே நான்கு நாள் புகைந்தது தீயாகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. மாமல்லபுரத்துக்கு ஆளை அனுப்பியதால்தான் இங்கே குறைந்தது என்று நான் சொல்லவில்லை. அங்கே 'என்ன நடக்கலாம்' என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்தார்கள். இங்கே அந்தக் கேள்வி உரிய நேரத்தில் கேட்கப்படவில்லை. மியூனிக்கில் மேசையில் கிடந்த காகிதமும் கள்ளக்குறிச்சியில் செல்போனில் சுற்றிய செய்தியும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

செய்தி மேலே போக வேண்டுமானால் கீழே நம்பிக்கை இருக்க வேண்டும். கல்வராயன்மலையில் புது ஆள் ஒருவர் வந்தால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆனால் சாராய ரெய்டுக்கு மட்டுமே காக்கியைப் பார்த்துப் பழகிய சனம், போலீஸ் கேட்டால் வாய் திறக்காது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரை விஷச் சாராயம் கொன்றது. விற்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும் தடுக்கவில்லையே என்று இழந்தவர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தத் திட்டமானாலும் கடைசியில் வெயிலில் நிற்பது ஒரு கான்ஸ்டபிள். பெண் காவலர்கள் ஒதுங்க இடமில்லாமல் சாலையோரம் மணிக்கணக்கில் நிற்பதைப் பார்த்துத்தான், முதல்வர் செல்லும் வழிகளில் அவர்களை நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் உத்தரவு வந்தது. அதற்கு எத்தனை வருடம் ஆயிற்று பாருங்கள். தண்ணீரும் கழிப்பறையும் பந்தோபஸ்து திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டியவை.

அகமதாபாத்தில் திட்டம் போடுகிறவர்கள் இந்தப் பதிவைப் படிக்கப்போவதில்லை. நீங்கள் படிப்பீர்கள். உங்களில் சிலர் இன்று எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர். உங்கள் ஸ்டேஷனுக்கு வரும் சின்ன மனுவையும், ஊரில் அடிபடும் சின்னப் பேச்சையும் காது கொடுத்துக் கேளுங்கள், மேலே எழுதி அனுப்புங்கள். ஒலிம்பியாட் பணிக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எத்தனை மணி நேரம் நின்றீர்கள், சாப்பாடு எப்போது வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.