பகடையை யார் உருட்டுவது?

1942 மே மாதத் தொடக்கம். ஹிரோஷிமாவுக்குத் தெற்கே ஹஷிரஜிமா தீவையொட்டி யமாட்டோ போர்க்கப்பல் நங்கூரமிட்டிருந்தது. அதற்குள் ஜப்பானியக் கடற்படைத் தளபதிகள் வரைபடத்தைச் சுற்றி நின்று, அடுத்த மாதம் நடத்தப்போகும் மிட்வே தாக்குதலை ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கத் தரப்பில் ஆடியவர்கள் மிட்வே தீவிலிருந்து குண்டுவீச்சு விமானங்களை ஏவினார்கள். நடுவர்களில் ஒருவரான ஒக்குமியா பகடையை உருட்டினார். ஜப்பானிய விமானந்தாங்கிகள்மீது 9 குண்டுகள் விழுந்ததாகக் கணக்கு வந்தது. அகாகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிகளும் மூழ்கியிருக்க வேண்டும். ஆட்டத்தை நடத்திய ரியர் அட்மிரல் உகாக்கி குறுக்கிட்டு, 9 என்பதை 3 ஆக்கச் சொன்னார். அகாகி தப்பியது. மூழ்கியதாக ஒப்புக்கொண்ட காகாவும் ஆட்டத்தின் அடுத்த கட்டத்தில் மறுபடி களத்தில் நின்றது.

போருக்குப் பிறகு ஜப்பானியக் கடற்படை விமானி புச்சிதாவும் ஒக்குமியாவும் சேர்ந்து எழுதிய நூலில் இருக்கும் செய்தி இது. புச்சிதா சொன்ன பல விஷயங்களைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். உகாக்கி பக்கத்திலும் ஓரளவு நியாயம் இருந்தது. நிஜப் போரில் மிட்வே தீவிலிருந்து பறந்து வந்த விமானங்கள் வீசிய குண்டு ஒன்றுகூட ஜப்பானிய விமானந்தாங்கிகள்மீது விழவில்லை. ஜூன் 4 அன்று அகாகியையும் காகாவையும் முடித்தவை அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்கள். ஜப்பானியர்கள் அந்தக் கப்பல்கள் அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

கடற்போரை ஆட்டமாக ஆடுகிறவர்களுக்கு என்றைக்கும் உள்ள இரண்டு தலைவலிகளும் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே இருக்கின்றன. எதிரியின் கண்ணில் படாமல் கப்பலை எப்படி மறைப்பது, பகடையை யார் கையில் கொடுப்பது. சதுரங்கத்தில் இரண்டு தரப்புக் காய்களும் எல்லோர் கண்முன்னும் இருக்கும். அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. கடலிலோ பாதிப் போர் தேடுவதிலேயே கழிந்துவிடும். தேடிக் கண்டுபிடித்தாலும் சுட்ட குண்டு படுமா என்பது யாருக்கும் தெரியாது.

எடின்பரோவை அடுத்த எல்டினைச் சேர்ந்த ஜான் கிளார்க் போர்க்கப்பலில் பணியாற்றியவர் அல்ல. சின்னச் சின்ன மாதிரிக் கப்பல்களை மேசைமேல் நகர்த்திப் பார்த்தே கடற்போர் உத்திகள் பற்றி 1782இல் ஒரு நூல் எழுதினார். நூறாண்டுக்குப் பிறகு இங்கிலாந்தில் ஃப்ரெட் ஜேன் பகடையையே தூக்கி எறிந்தார். 1898இல் அவர் வெளியிட்ட ஆட்டத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அட்டை உண்டு. கப்பலின் பக்கவாட்டுப் படமும் எந்த இடத்தில் எவ்வளவு கனமான இரும்புக் கவசம் என்பதும் அதில் வரையப்பட்டிருக்கும். சுடுகிறவர் கையில் தட்டையான ஒரு மட்டை. அதன் நுனியில் நடுவிலிருந்து சற்றே விலக்கிப் பொருத்திய ஓர் ஊசி. எதிரியின் அட்டைமேல் மட்டையை ஓங்கித் தட்ட வேண்டும். ஊசி துளைத்த இடத்தில் குண்டு விழுந்ததாகக் கணக்கு. ஊசி நடுவில் இல்லாததால் குறி பார்த்து அடித்தாலும் கொஞ்சம் தள்ளித்தான் விழும். இந்த ஆட்டத்துக்குத் துணையாக உலகக் கடற்படைகளின் கப்பல்களையெல்லாம் தொகுத்து அதே ஆண்டு அவர் ஒரு நூல் போட்டார். இன்றுவரை உலகக் கடற்படைகள் புரட்டிப் பார்க்கும் ஜேன் ஆண்டுப் பதிப்புகள் அந்த நூலிலிருந்து வளர்ந்தவை.

மறைப்பதற்கான வழியை நேர்த்தியாக வகுத்தது அமெரிக்காவின் நியூபோர்ட் கடற்படைப் போர்க் கல்லூரி. ஒரு கண்ணில் பார்வை இழந்து ஓய்வுபெற்ற வில்லியம் மெக்கார்ட்டி லிட்டில் என்ற அதிகாரி 1887இல் அங்கே போர் விளையாட்டைத் தொடங்கிவைத்தார். இரண்டு தரப்பினரும் தனித்தனி அறையில் உட்காருவார்கள். நடுவில் நடுவர்கள். அவரவர் கப்பலிலிருந்து என்ன தெரியுமோ அதை மட்டும் ஒரு தாளில் எழுதி அந்தந்த அறைக்கு அனுப்புவார்கள். இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே மாணவர்கள் சலிக்காமல் ஆடிய எதிரிக்கு ஆரஞ்சு என்று பெயர்; அது ஜப்பானைக் குறித்தது. அப்படிப் படித்தவர்களில் ஒருவரும் பின்னாளில் பசிபிக்கில் அமெரிக்கக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவருமான செஸ்டர் நிமிட்ஸ், போரின் கடைசியில் வந்த தற்கொலை விமானங்களைத் தவிர ஜப்பானோடு நடந்த போரில் எதுவும் தங்களுக்குப் புதிதாக இல்லை என்று பிற்காலத்தில் எழுதினார்.

மறைப்பைப் போரின் நடுவிலேயே பயன்படுத்தி உயிர்களைக் காத்த இடம் லிவர்பூல். 1942 ஜனவரியில் டெர்பி ஹவுஸ் கட்டடத்தின் மேல்மாடியில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் ஒரு பயிற்சிப் பிரிவைத் தொடங்கினார். காசநோய் காரணமாகக் கடற்படை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பிவிட்ட மனிதர் அவர். அவருக்குக் கிடைத்த ஆட்களில் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதுப் பெண்கள், பெண்கள் கடற்படைச் சேவையைச் சேர்ந்தவர்கள். அறையின் தரைதான் அட்லாண்டிக் பெருங்கடல். அதில் கோடு கிழித்து, கப்பல்களை வைத்து, சாக்கட்டியால் தடம் வரைவார்கள். பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் சுற்றிலும் திரைகளுக்குப் பின்னால் நிற்பார்கள். சிறு துளை வழியாகத்தான் பார்க்க முடியும். காவல் கப்பல்களின் தடத்தை வெள்ளைச் சாக்கட்டியில் வரைந்தார்கள். ஜெர்மானிய நீர்மூழ்கியின் தடத்துக்குப் பச்சை; தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது தரையோடு கலந்துவிடும். கட்டளை எழுதித் தர இரண்டே நிமிடம்.

அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்கள் அணி அணியாக மூழ்கிக்கொண்டிருந்த காலம் அது. பழைய தாக்குதல்களின் பதிவுகளைத் தரையில் மறுபடி ஆடிப் பார்த்தபோது ராபர்ட்ஸுக்கும் அந்தப் பெண்களுக்கும் ஒன்று புலப்பட்டது. நீர்மூழ்கி வெளியிலிருந்து சுடவில்லை. இரவில் நீர்மட்டத்துக்கு மேலே வந்து, பின்பக்கமாக அணிக்குள் நுழைந்து, உள்ளிருந்தே சுடுகிறது. அதற்கு மாற்றாக அவர்கள் வகுத்த உத்திக்கு ராஸ்ப்பெரி என்று பெயர் வைத்தவர் ஜீன் லெயிட்லா என்ற இளம்பெண். 1942 நவம்பரில் அட்லாண்டிக் காவல் கப்பல்களின் தலைமைப் பொறுப்பேற்ற அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டன் முதல் உலகப்போரில் பேர்பெற்ற நீர்மூழ்கித் தளபதி. அவர் அந்தத் தரையில் நீர்மூழ்கியின் பக்கம் ஆடினார். எதிரே ஜேனட் ஒகெல் என்ற இளம்பெண். ஐந்து முறை ஆடி ஐந்து முறையும் ஹார்ட்டன் தோற்றார் என்று சைமன் பார்க்கின் தம் நூலில் எழுதுகிறார். இந்தப் பெண்களின் பெயர்கள் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்குப் பிறகே பரவலாகத் தெரியவந்தன. மிகத் தாமதமான மரியாதை இது.

நடுவரும் திரையும் இருக்கும்வரை இதெல்லாம் நடக்கும். எதிராளி நூறு மைலுக்கு அப்பால் இருந்தால்? கடிதச் சதுரங்கத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1824 முதல் 1828 வரை எடின்பரோ சதுரங்கக் கழகமும் லண்டன் கழகமும் தபாலில் ஆடின, எடின்பரோ வென்றது. போர் விளையாட்டு கடைகளில் விற்பனைக்கு வந்தபோதுதான் தபால்காரர் கையில் பகடை மாட்டிக்கொண்டது.

பால்டிமோர் நகரின் அவலான் ஹில் நிறுவனம் 1958இல் கெட்டிஸ்பர்க் ஆட்டத்தை வெளியிட்டது. கடற்போரில் 1962இல் பிஸ்மார்க், 1964இல் மிட்வே, 1967இல் ஜட்லண்ட் என்று வரிசையாக வந்தன. வாங்கியவர்கள் அமெரிக்கா முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். சின்ன ஊரில் இருக்கும் ஒரு பள்ளி மாணவனுக்கு எதிரே உட்கார ஆள் கிடைப்பது அரிது. 1964இல் தொடங்கிய தி ஜெனரல் என்ற அந்த நிறுவனத்தின் இதழில் எதிராளி தேடும் விளம்பரங்கள் வரிசையாக வந்தன. முன்பின் பார்த்திராத இருவர் விலாசம் மாற்றிக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். ‘நான் உருட்டினேன், ஆறு விழுந்தது’ என்று ஒருவர் எழுதினால் மற்றவர் எப்படி நம்புவது?

கண்டுபிடித்த வழி அபாரம். தாக்குகிறவர் தம் கட்டளைகளோடு சில கம்பெனிகளின் பங்குகளையும் வரப்போகிற ஒரு தேதியையும் குறித்து அனுப்புவார். முதல் தாக்குதலுக்கு ஃபோர்டு, இரண்டாவதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் என்று வைத்துக்கொள்வோம். குறித்த நாளன்று நியூயார்க் பங்குச் சந்தை முடிந்ததும், மறுநாள் நாளிதழில் அந்தப் பங்கு எத்தனை நூறு கைமாறியது என்ற எண் அச்சாகும். அதன் கடைசி இலக்கம்தான் பகடை. உறைமேல் இருக்கும் தபால் முத்திரை அந்தத் தேதிக்கு முந்தியதாக இருந்தால் போதும், ஏமாற்ற வழியே இல்லை. இரண்டு வீட்டிலும் ஒரே நாளிதழ்ப் பக்கத்தை விரித்து, விரலால் வரிசையைத் தேடி, தங்கள் படை பிழைத்ததா அழிந்ததா என்று பார்த்தார்கள். உகாக்கிக்குக் கிடைத்த வாய்ப்பு இவர்களில் யாருக்கும் கிடைக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்திராத பையன்கள் பேரரசின் தளபதியைவிட நேர்மையான ஏற்பாட்டின்கீழ் ஆடினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

கப்பலை மறைப்பதற்கு மட்டும் பங்குச் சந்தை உதவவில்லை. மிட்வே ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனித் தேடல் பலகை உண்டு. எதிரெதிரே உட்கார்ந்தால் இடையில் ஒரு தடுப்பு வைத்து, இந்தக் கட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கலாம். தபாலில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கடிதம், பதிலுக்கு இன்னொரு கடிதம். ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று எதிராளி எழுதினால் ஆட்டம் முடியும்வரை நம்பித்தான் ஆக வேண்டும்.

1970இல் ரிக் லூமிஸ் என்பவர் கட்டணம் வாங்கிக்கொண்டு தபால் ஆட்டங்களை நடத்தத் தொடங்கினார்; பிறகு கணினியை நடுவராக வைத்தார். எல்லோரும் கட்டளைகளை அவருக்கு அனுப்பினால் கணினி கணக்குப் போட்டு, அவரவர் பார்க்க வேண்டியதை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும். நியூபோர்ட்டின் தனி அறைகள் இப்போது ஆளுக்கொரு உறைக்குள் வந்துவிட்டன. பத்து ஆண்டு கழித்து எஸ்.எஸ்.ஐ. நிறுவனத்தின் முதல் வெளியீடாக வந்த கணினி ஆட்டமும் கடல் தேடல்தான்: 1980இன் கம்ப்யூட்டர் பிஸ்மார்க்.

அந்த நிறுவனத்துக்கு ஆட்டங்கள் எழுதிய கேரி கிரிக்ஸ்பி பசிபிக் போரை விடவே இல்லை. 1982இல் குவாடல்கனால், 1992இல் பசிபிக் வார், 2004இல் வார் இன் த பசிபிக். கடைசி ஆட்டத்தை விரித்து 2009இல் அட்மிரல்ஸ் எடிஷன் வந்தது. பேர்ல் துறைமுகத் தாக்குதலில் தொடங்கி 1946 வரை நீளும் இதில் ஒரு முறைக்கு ஒரு நாள். மொத்தம் 1500 முறைக்கு மேல். அறுகோணக் கட்டம் ஒவ்வொன்றும் 40 கடல்மைல். எண்ணெய்க் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து எங்கே போக வேண்டும், எந்த விமானப் படை எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும் என்பதுவரை ஆடுகிறவர் சொல்ல வேண்டும். ஜப்பான் பக்கம் ஆடுகிறவர் முதல் முறைக்கு மட்டும் பல நாள் உட்காருவதுண்டு. பிறகு கடவுச்சொல் போட்ட கோப்பு மின்னஞ்சலில் போகும். எதிராளி தம் கட்டளைகளைச் சேர்ப்பார். கணினி அன்றைய சண்டைகளைக் கணக்கிடும். நாளொன்றுக்கு ஒரு முறை என்று தவறாமல் ஆடினாலும் நிஜப் போரைவிட நீண்டுபோகும்.

அதன் வரைபடத்தில் சென்னையும் கொழும்பும் திருகோணமலையும் உண்டு. ஜப்பான் பக்கம் ஆடுகிறவர்களில் சிலர் 1942 தொடக்கத்திலேயே இலங்கையில் படையிறக்கிப் பார்க்கிறார்கள். யமாட்டோவிலும் அந்த ஆண்டு பிப்ரவரியில் இதே யோசனை ஆடிப் பார்க்கப்பட்டது. தரைப்படை ஆள் தர மறுத்ததால் கைவிடப்பட்டது. அதற்குப் பதில் ஜப்பானிய அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிகளோடு வங்கக்கடல் பக்கம் வந்தார். தாக்குதல் ஏப்ரல் 1 வாக்கில் வரும் என்று துப்பு கிடைத்து, பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். யாரும் வராததால் மாலத்தீவின் அட்டு பவளத்தீவில் இருந்த ரகசியத் தளத்துக்கு எண்ணெய் நிரப்பப் போனார். அவர் அங்கே போய்ச் சேர்ந்த ஏப்ரல் 4 அன்றுதான் ரோந்து விமானம் ஒன்று நகுமோவைக் கண்டது. 5ஆம் தேதி கொழும்பும் 9ஆம் தேதி திருகோணமலையும் குண்டுக்கு இரையாயின. தனியே பிரித்து அனுப்பப்பட்ட கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கின. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கியது. பீதியில் சென்னை நகரின் பெரும்பகுதி காலியானது. இரண்டு பெரும் கப்பற்படைகளும் கடைசிவரை ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. இப்படி ஒரு வாரம் முழுக்கத் தேடித் தவறவிடும் அனுபவத்தை எதிரே முகம் தெரியாத ஆளோடு ஆடும்போதுதான் முழுமையாக உணர முடிகிறது. திரையில் ஒன்றும் தெரியாத ஒவ்வொரு நாளும் எதிராளி எண்ணெய் நிரப்புகிறாரா, வந்துகொண்டிருக்கிறாரா என்று தெரியாது.

பகடை கணினிக்குள் போன பிறகும் நம்பிக்கை பழைய இடத்தில்தான் இருக்கிறது. அன்றைய சண்டையைக் கணக்கிடும் கணினி இருவரில் ஒருவர் வீட்டில் இருக்கிறது. விதிப்புத்தகம் அனுமதித்தாலும் நிஜத்தில் நடந்திருக்காத தந்திரங்களைத் தவிர்க்க, தொடங்கும்போதே இருவரும் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் பெரிய சோதனை ஏமாற்றுவதில் இல்லை. 1943க்குப் பிறகு அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களிலிருந்து புதுக் கப்பல்கள் வந்துகொண்டே இருக்கும். ஜப்பான் பக்கம் ஆடுகிறவர் ஆண்டுக்கணக்கில் பின்வாங்க வேண்டும். நிஜ வரலாற்றைவிடக் கொஞ்சம் அதிக நாள் தாக்குப்பிடிப்பதுதான் அவருக்கு வெற்றி. முதல் ஆறு மாதம் வாரிச் சுருட்டிவிட்டு, தோல்வி தொடங்கியதும் காணாமல் போகிறவர்கள் உண்டு. அப்போது மற்றவர் கோப்பை வைத்துக்கொண்டு, பாதியில் நிற்கும் போரை ஏற்று நடத்த வேறொருவரைத் தேடுகிறார். அதனால் எதிராளி தேடும் இன்றைய அறிவிப்புகளில் யார் எவ்வளவு திறமைசாலி என்பது பெரும்பாலும் இருக்காது. வாரத்துக்கு எத்தனை முறை கோப்பு அனுப்ப முடியும், எந்த நேர மண்டலத்தில் இருக்கிறார், 1945 வரை ஆடுவாரா என்றே கேட்கிறார்கள்.