சேம அச்சிலிருந்து சேமச் சில்லு வரை

வண்டி என்று ஒன்று பிறந்த நாளிலேயே வண்டி வழியில் முறிந்து நிற்கும் தொல்லையும் உடன் பிறந்துவிட்டது. நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாடு நோக்கிச் சென்ற உமணர்கள், போகும் வழியில் எந்த மேடு வருமோ, எந்தப் பள்ளம் வருமோ என்று அஞ்சி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஒளவையார், துன்பம் வந்தபோது உதவும் அவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டதைப் புறநானூற்றிற் காணலாம். புலவர் ஒருவர் தலைவனுக்கு உவமையாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு, வழியில் உதவும் பொருளுக்கு அன்று மதிப்பிருந்தது.

மாட்டு வண்டியின் இடத்தை மோட்டார் வண்டி பிடித்துக்கொண்ட பின்னர், வழித்தொல்லைகள் எவ்வாறு மாறின, அவற்றைத் தீர்க்க மனிதர் என்னென்ன கண்டனர் என்பதை இன்று சிறிது ஆராய்வோம். இவ்வரலாற்றில் இரண்டு இழைகள் உள்ளன. பழுதான வண்டியை மீண்டும் ஓடச் செய்யும் வழி ஒன்று. பழுதான வண்டியின் அருகில் நிற்கும் மனிதனைக் காக்கும் வழி மற்றொன்று. முதலாவது விரைவாக வளர்ந்தது. இரண்டாவதோ மிகவும் பிந்தி வந்தது. இன்னும் நம்மிற் பலரை அது வந்து சேரவில்லை.

மோட்டார் வண்டியின் முதல் நெடும் பயணமே வழித்தொல்லைகளின் கதைதான். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் தமது வண்டிக்கு 1886ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதனை நம்பி வாங்குவார் அதிகம் இல்லை. 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவருடைய மனைவி பேர்த்தா, தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கணவருக்குச் சொல்லாமலே மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அவ்வண்டியிற் புறப்பட்டார். தூரம் நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியிற் செருகியிருந்த ஊசியாற் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறையைக் கட்டும் நாடாவைச் சுற்றி அதனைக் காத்தார். மரத்தாலான பிறேக் கட்டைகள் தேய்ந்தன. வழியிலிருந்த செம்மான் ஒருவரைக் கொண்டு அவற்றிற்குத் தோல் பொருத்துவித்தார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக் கடையில், துணிக்கறை போக்க விற்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். ஏற்றம் வந்தபோது புதல்வர்கள் இறங்கித் தள்ளினார்கள். அன்று வீதியில் வேறு மோட்டார் வண்டி எதுவும் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே பேர்த்தா அம்மையார் வீதியின் நடுவில் வண்டியை நிறுத்தி, நிதானமாகப் பழுது பார்க்க முடிந்தது.

அதே 1888ஆம் ஆண்டிற்றான் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. பெல்பாஸ்ற் நகரிற் கால்நடை வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லொப் என்பவர், தம் மகனுடைய முச்சக்கர வண்டி அதிராமல் ஓடவேண்டும் என்று கருதி, முந்திய ஆண்டில் இறப்பர்க் குழாயிற் காற்றை அடைத்துச் சில்லுகளிற் சுற்றினார். ஆனால் இந்த எண்ணம் அவருக்கு முன்பே இன்னொருவருக்குத் தோன்றியிருந்தது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ரொபேட் வில்லியம் தொம்சன் 1845ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்று, இலண்டனிலுள்ள றீஜன்ற் பூங்காவிற் குதிரை வண்டியிற் பூட்டியும் காட்டினார். காலம் கனியாமையால் உலகம் அதனை மறந்தது. பின்னர் அந்தப் பழைய உரிமை வெளிப்பட்டபோது டன்லொப்பின் காப்புரிமை செல்லாதாயிற்று.

இங்கே நமது நாட்டின் பங்கையும் ஒரு சொல்லாற் குறிப்பிடவேண்டும். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்தவற்றுட் பெரும்பகுதி, ஏறத்தாழ 1,900 கன்றுகள், கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. மோட்டார் வண்டி பெருகி ரயருக்குத் தேவை ஏற்பட்டபோது, கீழைத் தேசங்களில் இறப்பர் மரங்கள் பால் தரத் தயாராக நின்றமைக்கு இதுவே காரணம்.

காற்று ரயர் பயணத்தை மெதுமையாக்கியது. ஆனால் ஒரு புதிய தொல்லையையும் கொண்டுவந்தது. அந்நாளில் வீதியெங்கும் குதிரை இலாடத்து ஆணிகள் சிதறிக் கிடந்தன. 1895ஆம் ஆண்டில், பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர்ப் போட்டியில், மிஷெலின் சகோதரர்கள் காற்று ரயர் பூட்டிய வண்டியைச் செலுத்தினார்கள். வழியிற் பலமுறை காற்றுப் போயிற்று. அவர்கள் பரிசு பெறவில்லை. எனினும் காற்று ரயரில் மோட்டார் வண்டி ஓடும் என்பதை உலகம் கண்டுகொண்டது.

அக்காலத்தில் ரயரிற் காற்றுப் போனால் என்ன செய்தார்கள்? சில்லு வண்டியினின்றும் கழலாது. வீதியோரத்தில் முழந்தாளிட்டு, இரும்பு நெம்புகோல்களால் ரயரைப் பெயர்த்து, ரியூபை வெளியில் எடுத்து, ஒட்டுப் போட்டு, மீண்டும் நுழைத்து, கையாற் காற்றடிக்க வேண்டும். மழையில், இருளில் இதனைச் செய்வது எத்தகைய வேலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1904ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்னும் ஊரில் டேவிஸ் சகோதரர்கள் இருவர் இதற்கொரு வழி கண்டார்கள். ஆரங்கள் இல்லாத வெறும் வளையத்தில் காற்றடைத்த ரயரைப் பூட்டி, காற்றுப் போன சில்லின் பக்கத்தில் அதனை இறுகப் பொருத்தி ஓட்டிச் செல்லும் முறை அது. அவர்களின் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்ரெப்னி. அவ்வகைச் சில்லு மறைந்து நெடுங்காலமாயிற்று. எனினும் இந்தியாவில் இன்றும் மேலதிகச் சில்லைச் சாரதிகள் ஸ்ரெப்னி என்றே அழைக்கிறார்கள். ஒளவையாரின் சொல்லை அடியொற்றி நாம் அதனைச் சேமச் சில்லு எனலாம்.

1906ஆம் ஆண்டில் பிரான்சில் நடைபெற்ற முதலாவது கிரான் பிறி ஓட்டத்தில், வண்டியில் இருக்கும் இருவரே பழுது பார்க்கவேண்டும் என்பது விதி. கழற்றத்தக்க வளையங்களைப் பூட்டியிருந்தவர்கள் சில நிமிடங்களில் ரயர் மாற்றிக்கொண்டு சென்றார்கள்; மற்றவர்களோ அவ்வேலைக்குக் கால்மணி நேரம்வரை செலவிட்டார்கள். முதல் வகையைச் சேர்ந்த றெனோ வண்டி வென்றது. அதன் பின்னர், சில்லை முழுவதாகக் கழற்றி மாற்றும் முறை எங்கும் பரவியது.

சில்லைக் கழற்றுவதற்கு வண்டியை உயர்த்த வேண்டும். ஜோசப் பிராமா 1795ஆம் ஆண்டில் நீரழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றார். அதே தத்துவத்தைக் கொண்டு, நியூயோர்க்கில் றிச்சட் டட்ஜன் 1851ஆம் ஆண்டில் ஒருவர் தூக்கிச் செல்லத்தக்க ஜாக்கியை அமைத்தார். இக்கருவி உயர்த்துவதற்கு உரியது. தாங்கி நிற்பதற்கு உரியதன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே உடலை நுழைத்தோர் உயிரிழந்த செய்திகளை நாம் இன்றும் கேள்விப்படுகிறோம். கழற்றிய சில்லை வண்டியின் அடியிற் படுக்கவைத்தால், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அச்சில்லின்மேல் தங்கும். சிறு காரியமே; ஆனால் ஓர் உயிரின் பெறுமதி அதிலிருக்கிறது.

அடுத்து இழுவையைப் பற்றிப் பார்ப்போம். தொடக்கத்தில் நின்றுபோன மோட்டார் வண்டியைக் குதிரைகளும் மாடுகளுமே இழுத்துச் சென்றன. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சற்றனூகா நகரில், ஓடையில் வீழ்ந்த வண்டியொன்றைப் பலர் கூடி, கயிறும் கட்டைகளும் கொண்டு பல மணி நேரம் பாடுபட்டு எடுத்தார்கள். அவ்வேலையில் நின்ற ஏர்னெஸ்ற் ஹோம்ஸ் என்னும் பழுதுபார்ப்பவர், 1913ஆம் ஆண்டு கடிலாக் வண்டியொன்றின்மேல் மூன்று கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பூட்டி, முதலாவது மீட்பு வண்டியை உருவாக்கினார். அந்நகரில் இன்று இத்தொழிலுக்கென ஒரு நூதனசாலை இருக்கிறது. பிறருக்கு உதவப் போய், பணியிலிருக்கையில் உயிர்நீத்த இழுவைத் தொழிலாளரின் பெயர்கள் பொறித்த சுவரும் அங்கே உண்டு.

மீட்பு வண்டி கிடைக்காத இடத்தில் நாம் கயிற்றைக் கட்டி இழுக்க முற்படுகிறோம். இங்கே கவனம் வேண்டும். எஞ்சின் நின்றுவிட்ட வண்டியில், பிறேக்குக்கும் ஸ்ரியறிங்குக்கும் எஞ்சின் அளித்துவந்த துணையும் நின்றுவிடுகிறது. பின்வண்டியின் சாரதி இருமுறை பிறேக்கை மிதித்ததும் மிதிபலகை கல்லைப்போல் இறுகும், ஸ்ரியறிங் பாரமாகும். திறப்பை வெளியே எடுத்துவிட்டால் ஸ்ரியறிங் முற்றாகப் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஆதலால் பின்வண்டியில் அனுபவமுள்ள ஒருவர் இருத்தல் வேண்டும். வேகம் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். கயிறு தளர்ந்து பின் திடீரென இழுபடாதவாறு முன்வண்டி மெல்லப் புறப்படுதல் வேண்டும். அறுந்த கயிறு சவுக்கைப்போல் திரும்பி அடிக்கும். அதன் அருகில் எவரும் நிற்கலாகாது. தானியங்கிக் கியர் வண்டிகள் பலவற்றில் எஞ்சின் ஓடினாலன்றி எண்ணெய் உரியவாறு சுற்றுவதில்லை. மின்சாரத்தில் ஓடுவனவும், பெற்றோலும் மின்சாரமும் கலந்து ஓடுவனவும் இன்று நம் வீதிகளில் மலிந்துள்ளன. இவற்றின் இயக்கு சில்லுகளை நிலத்தில் உருளவிட்டு இழுத்தாற் பெருஞ்சேதம் நேரலாம். தட்டையான மேடை கொண்ட வண்டியில் ஏற்றிச் செல்வதே தக்கது.

தனி மனிதனின் சாமர்த்தியத்தோடு கூட்டு முயற்சியும் வளர்ந்தது. அமெரிக்காவில் 1902ஆம் ஆண்டிலும், இலங்கையில் 1904ஆம் ஆண்டிலும், பிரித்தானியாவில் 1905ஆம் ஆண்டிலும் மோட்டார்ச் சங்கங்கள் தோன்றின. பிரித்தானியச் சங்கத்தின் காவலர்கள், வேகத்தைப் பிடிக்க மறைந்திருக்கும் பொலீசாரைப் பற்றி உறுப்பினர்க்கு எச்சரிக்கவே முதலிற் சைக்கிளில் அலைந்தார்கள் என்பது வேடிக்கையான செய்தி. நாளடைவில் அவர்களே பழுது பார்ப்போராக மாறினர். முதலாம் உலகப் போருக்கு முன்பே, உறுப்பினர்கள் திறந்து பேசத்தக்க தொலைபேசிப் பெட்டிகளும் வீதியோரங்களில் எழுந்தன.

இவையெல்லாம் முதல் இழையின் கதை. இரண்டாம் இழை எங்கே தொடங்குகிறது? சாலைப் போக்குவரத்துக்கான வியன்னா உடன்படிக்கை 1968ஆம் ஆண்டில் உருவானது. வீதியில் நின்றுபோன வண்டியைப் பிறருக்கு முன்கூட்டியே உணர்த்தவேண்டும் என்பதை அது நாடுகளுக்குப் பொதுவான விதியாக எழுதியது. செந்நிற முக்கோணம் அதன் வழியே உலகறிந்த அடையாளமாயிற்று. நிற்கும் அவசரசேவை வாகனங்களைக் கண்டால் விலகிச் செல்லவேண்டும் என்ற சட்டத்தை, அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலம் 1996ஆம் ஆண்டிலேயே முதன்முதலாக இயற்றியது. பேர்த்தா அம்மையாரின் பயணத்துக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டதைக் கவனியுங்கள்.

இந்தத் தாமதம் ஏன் ஆபத்தானது என்பதற்கு எளிய கணக்கொன்று போதும். நமது தெற்கு அதிவேகப் பாதை 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கு மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றர் கடக்கிறது. சாரதி நம்மைக் கண்டு, பிறேக்கில் கால் வைப்பதற்குள் அத்தூரம் கழிந்துவிடும். நின்றுபோன வண்டியிலிருந்து பத்தடி தூரத்தில் முக்கோணத்தை வைத்தாற் பயன் யாது? வீதியின் வேகம் எவ்வளவோ அவ்வளவு தூரம் பின்னே செல்லவேண்டும். வளைவாயின் வளைவுக்கு அப்பாலும் செல்லவேண்டும்.

ஆகவே, நேயர்களே, ஓடும்போது ரயர் வெடித்தால் பிறேக்கை அழுத்தி மிதியாதீர்கள். ஸ்ரியறிங்கை உறுதியாகப் பிடித்து, வேகம் தானே குறையவிட்டு, உறுதியான சமதரையில் ஒதுங்குங்கள். ரயர் ஒன்று கெட்டாலும் பரவாயில்லை. ஆபத்தான இடத்தில் நிற்பதினும், கெட்ட ரயரோடு சிறிது தூரம் மெல்ல உருட்டிச் செல்வது மேல். எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, உடன் வந்தோரை வீதிக்கு வெளியே, வண்டியின் முன்னுமன்றிப் பின்னுமன்றி, எட்டி நிற்கச் செய்யுங்கள். இரவில் வண்டியின் பின்விளக்கை மறைத்துக்கொண்டு நிற்கலாகாது. எதிர்ச் சில்லுக்குக் கல் அணைத்து, நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்தி, பின்னரே உயர்த்துங்கள். மீளப் பூட்டும்போது ஒன்றுக்கொன்று எதிரெதிராக இறுக்குங்கள். இடம் வாகன நெரிசல் மிக்கதாயின் சில்லு மாற்றும் முயற்சியே வேண்டாம். விலகி நின்று உதவியை அழையுங்கள். எவரேனும் காயமுற்றிருப்பின் 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்ஸ் வண்டியையும், 119 என்னும் இலக்கத்திற் பொலீசாரையும் அழைக்கலாம்.

இன்னுமொன்று. இக்காலத்துப் புதிய வண்டிகள் பலவற்றிற் சேமச் சில்லே இல்லை. துளையை அடைக்கும் பசையும் சிறு காற்றுப் பம்பியுமே வைத்திருக்கிறார்கள். பலர் வண்டியை வாங்கி ஆண்டுகள் கழிந்தும் இதனை அறியார். சேமச் சில்லு உடையோரிலும் அதற்குக் காற்றிருக்கிறதா என்று பார்ப்போர் சிலரே. வழியின் மேடு பள்ளம் அறியோம் என்று அஞ்சிய உமணன், புறப்படுமுன் வண்டியின் அடியைக் குனிந்து பார்த்தான். நாளைக் காலையில் நீங்களும் வண்டியின் பின்கதவைத் திறந்து, சேமச் சில்லும் ஜாக்கியும் முக்கோணமும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.